வாசகர் கேள்வி – பதில்: தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க்

சென்ற இதழில் தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றி எழுதிய பதிலில், அவ்வூருக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்க்கின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோயிற்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு மனிதருக்கே ஒதுக்கியிருக்கிறேன். தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றுக்கு அருகில் வளர்ந்தவன் என்பதால் இந்தப் பொருளில் எனக்குச் சற்றுக் கூடுதலான பற்று உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சீகன்பால்க் ஜெர்மானியர் என்கிறார்கள். தரங்கம்பாடியோ டென்மார்க்கின் வசம் இருந்த ஊர். டென்மார்க் அரசர் தம் நாட்டவர் ஒருவரை அனுப்பாமல் ஜெர்மானியரை அனுப்பியது ஏன்? (மயிலாடுதுறை வாசகர் ஒருவர்)

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் செய்யத் தொடங்கினார்கள். அன்று முதல் ஏறக்குறைய 85 ஆண்டுகள் அவர்கள் அங்கே வைத்திருந்த குருமார் அனைவரும் தம் நாட்டு அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்கும் வழிபாடு நடத்த வந்தவர்களே. ஊர் மக்களிடம் சமயம் பேசுவது அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. நான்காம் பிரடெரிக் அரசர் பட்டத்துக்கு வந்தபின் தம் ஆட்சிக்கு உட்பட்ட கடல் கடந்த இடங்களுக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினார். அதற்கு இசைந்து வரக்கூடியவர்கள் டென்மார்க்கில் கிடைக்காமற்போகவே, அரண்மனைக் குருவாக இருந்த லுட்கென்ஸ், தாம் முன்பு பணியாற்றிய பெர்லின் நகரத்து நண்பர்களிடம் ஆள் தேடினார்.

அந்நாளில் ஜெர்மனியின் ஹாலே நகரம் புராட்டஸ்டண்டு பிரிவுகளில் ஒன்றான லுத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கத்தின் நடுவிடமாக இருந்தது. அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர் அங்கே அநாதை இல்லம், பள்ளிகள், மருந்தகம், அச்சகம் என்று ஒரு சிற்றூரையே எழுப்பியிருந்தார். சடங்கைக் காட்டிலும் மனமாற்றமே பெரிது என்று போதித்த அந்த இடத்தில் பயின்றவர்தான் சீகன்பால்க். 1682-இல் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, உடல்நலக் குறைவால் படிப்பைப் பலமுறை இடையில் நிறுத்த நேர்ந்தவர். இத்தகைய நலிந்த உடல்வாகு உடையவரைக் கடல் கடந்து அனுப்பத் துணிந்தார்களே என்று இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அவரும் அவருடைய தோழர் ஹைன்ரிக் புளூட்சாவும் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1705 நவம்பர் 29-ஆம் நாள் 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் புறப்பட்டு, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்கள். அப்போது சீகன்பால்க்குக்கு ஏறத்தாழ 24 வயது.

கேள்வி: இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்டு மிஷனரி அவர்தானா? (யாழ்ப்பாணத்து வாசகர்)

இந்திய மண்ணில் உள்ளூர் மக்களுக்கென்றே அனுப்பப்பட்ட முதல் இருவரில் ஒருவர் என்று சொல்வதே பொருந்தும். புளூட்சாவை மறந்துவிடக் கூடாது. தங்கள் ஊரில் ஒல்லாந்தர் காலத்துச் சீர்திருத்த சபையின் குரு பிலிப்பஸ் பால்டேயஸ், சீகன்பால்க் பிறப்பதற்கு முன்பே தமிழரிடையே பணியாற்றியதும், 1672-இல் வெளியான தம் நூலில் தமிழைப் பற்றி எழுதியதும் தாங்கள் அறிந்ததே. ஆனால் அவர் ஒல்லாந்தக் கம்பெனியின் ஊதியம் பெற்ற குரு. தரங்கம்பாடிக்கு வந்த இருவரும் அரசரின் ஆணை பெற்றவர்கள். தரங்கம்பாடியில் வணிகம் நடத்திய டேனிஷ் கம்பெனிக்கு அவர்கள் வேண்டாத விருந்தாளிகள். இந்த வேறுபாட்டிலிருந்துதான் பின்னர் நேர்ந்த இடர்கள் பலவும் கிளைத்தன.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். அகராதியும் இலக்கண நூலும் கையில் இல்லாமல் ஓர் ஐரோப்பியர் சில ஆண்டுகளுக்குள் தமிழில் பேசவும் எழுதவும் கற்றார் என்பதை எப்படி நம்புவது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

அம்மா, தங்கள் ஐயம் நியாயமானது. நல்வாய்ப்பாக, தாம் எப்படிக் கற்றோம் என்பதை அவரே கடிதங்களில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஆகவே ஊகத்துக்கு இடமில்லை.

தரங்கம்பாடியில் அப்போது ஐரோப்பியரும் உள்ளூர் மக்களும் கொச்சைப் போர்த்துக்கீசிய மொழியில் பேசிக்கொண்டார்கள். வந்த இருவரும் முதலில் அதைக் கற்றார்கள். பிறகு பணியைப் பங்கிட்டுக்கொண்டபோது போர்த்துக்கீசிய மொழி புளூட்சாவின் பொறுப்பாயிற்று. தமிழ் சீகன்பால்க்கின் பங்காக வந்தது. முதிய வாத்தியார் ஒருவரைத் தம் திண்ணைப் பள்ளியை மாணவர்களோடு மிஷனரிகளின் வீட்டுக்கே கொண்டுவரும்படி ஏற்பாடு செய்துகொண்டு, பிள்ளைகளின் நடுவே தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகர முதல் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்து வந்துவிட்டது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அந்த இடத்தில்தான் அழகப்பன் வருகிறார். கம்பெனியில் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, வேலை பார்த்தவர். போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளில் பேசத் தெரிந்தவர். ஐரோப்பியர் ஏடுகளில் 'அலெப்பா' என்று அவர் பெயர் சிதைந்து கிடக்கிறது. சீகன்பால்க்குக்குத் தமிழின் வாசலைத் திறந்துவிட்டவர் அவரே என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விழா மலர்களில் அவர் பெயரை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

1708 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் தம் அன்றாட நடைமுறையைச் சீகன்பால்க் விவரிக்கிறார். காலை 7 முதல் 8 மணி வரை முன்பு எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 மணி முதல் நண்பகல் வரை, அதுவரை தாம் படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அருகில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புதிய சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார்; கடினமான செய்யுள் வந்தால் புலவர் அதைப் பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்லுவார். உணவு அருந்தும்போதும் ஒருவர் படித்துக்காட்டுவார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் படிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண்களுக்கு ஓய்வு தரும்பொருட்டு, வேறொருவர் படிக்க அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தாம் பேசுவதிலும் எழுதுவதிலும் பின்பற்றத்தக்க நடையை உடைய ஆசிரியர்களையே விரும்பித் தேர்ந்தெடுத்ததாகவும் குறிப்பிடுகிறார். சொற்களை மனப்பாடம் செய்தாலே மொழி வந்துவிடும் என்று நம்பும் மாணவர்களுக்கு, நடையைத் தேடிப் படித்த இந்த முறையைத் தாங்கள் எடுத்துக்காட்டலாம்.

படிப்பதற்கு நூல் வேண்டுமே! அச்சு நூல் கிடைக்காத காலத்தில் அனைத்தும் ஏட்டுச்சுவடிகள். தம் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் மனைவியரிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கினார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். வந்து இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விவர அட்டவணை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை அதில் பெயர் சொல்லி, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, யாரிடம் வழங்குகிறது, எந்த அளவு கடினமானது என்று விளக்குகிறார். திருக்குறளும் அதில் இருக்கிறது. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வீட்டுத் திண்ணையில் நம் பாட்டன்மார் ஓதிய அதே நூல்கள்தாம் இவை. திண்ணைப் பள்ளியில் அமர்ந்த ஒருவர் அவற்றில் தொடங்கியது இயல்பே. கூடவே சொல்லகராதி ஒன்றையும் தொகுத்துக்கொண்டு வந்தார். அதில் அப்போதே ஏறத்தாழ 20,000 சொற்கள் சேர்ந்திருந்தன. செய்யுள் வழக்குச் சொற்களுக்கு வேறோர் அகராதியும் தொகுத்தார்.

இலக்கண நூலைப் பொறுத்தவரை, அவர் கற்கத் தொடங்கியபோது கையில் ஒன்றுமில்லை என்று தாங்கள் சொல்வது உண்மை. பத்தாண்டுகள் கழிந்தபின் அவரே ஒன்றை இலத்தீனில் எழுதினார். 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். அந்தப் பயணத்தில் உருவான 'கிராமாட்டிகா தமுலிகா' என்ற அந்த இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஐரோப்பியர் அந்நாளில் தமிழரை 'மலபாரிகள்' என்றும் தமிழை 'மலபார் மொழி' என்றும் அழைத்துவந்தார்கள். சீகன்பால்க்கின் நூல்களிலும் அந்தப் பெயரே மிகுதியாக வருவதால், அவர் மலையாளத்தைப் பற்றி எழுதினார் என்று சிலர் மயங்குவதுண்டு. இலக்கண நூலின் தலைப்பிலோ அவர் 'தமுல்' என்றே எழுதினார்.

கேள்வி: டென்மார்க் அரசரே அனுப்பியவரை டேனிஷ் ஆளுநர் சிறையில் அடைத்தார் என்று படித்தேன். என்ன குற்றம்? (கடலூர் கல்லூரி மாணவர்)

ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதே உடனடிக் காரணம். உண்மையான காரணம் அதற்கு முன்பே முளைத்துவிட்டது. கோட்டைத் தளபதியாக இருந்த ஹாசியுஸ் மிஷனரிகள் கரையிறங்கிய நாளிலேயே அவர்களை நெடுநேரம் காக்கவைத்து, தங்க இடமும் காட்டாமல் விட்டவர். வணிகத்தை நம்பி வாழும் கம்பெனிக்கு, உள்ளூர் மக்களின் சமயத்தைத் தொடுவது ஆபத்தாகப் பட்டது. அதற்குமேல், ஐரோப்பியரின் வீடுகளில் இருந்த அடிமைகளுக்குச் சீகன்பால்க் போதிக்கத் தொடங்கியதும், கம்பெனியாரின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படையாகக் கண்டித்ததும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1708 நவம்பரில் கைதாகி, நான்கு மாதங்கள் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்து, 1709 மார்ச்சில் விடுதலையானார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நேரம் அது. பின்னாளில் ஹாசியுஸும் அவரும் சமாதானம் ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிஷனரி என்றால் ஆளும் ஐரோப்பியரின் கையாள் என்று எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துப் பேசுவோர் இந்த நான்கு மாதங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், அரசரின் ஆணையும் பணமும் பின்னால் இல்லாதிருந்தால் அவரால் அந்தக் கோட்டை நிழலில் ஒரு மாதம்கூட நிலைத்திருக்க முடியாது என்பதும் மெய்யே.

கேள்வி: தமிழில் முதன்முதலாக அச்சிட்டவர் சீகன்பால்க் என்று எங்கள் பள்ளி ஆண்டு மலரில் எழுதியிருக்கிறார்கள். சரியா? (நாகப்பட்டினம் வாசகி)

சரியன்று. ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற இயேசு சபைத் துறவி பெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளிலேயே அச்சாகிவிட்டது. அப்போது சீகன்பால்க் பிறக்க இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டு மண்ணில் நிலையாக நடந்த அச்சகத்தை நிறுவியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டதும்தான் தரங்கம்பாடியின் பெருமை. அதற்கே அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

புதிய ஏற்பாட்டை 1708 அக்டோபர் 17-ஆம் நாள் பெயர்க்கத் தொடங்கி 1711 மார்ச் 31-ஆம் நாள் முடித்தார். முடித்ததை ஓலையில் எழுதிப் பரப்புவதென்றால் எழுத்தர் கூலிக்கே பணம் போதாது. இலண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் உதவிக்கு வந்தது. ஆங்கிலேயர் சபையைச் சேர்ந்த அந்தச் சங்கம், டேனிஷ் அரசர் அனுப்பிய ஜெர்மன் லுத்தரன்களுக்கு அச்சுப்பொறி, தாள், போர்த்துக்கீசிய எழுத்துகள் ஆகியவற்றோடு ஜோனாஸ் பிங்க் என்ற அச்சுத் தொழிலாளியையும் 1711-இல் கப்பலேற்றியது. கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. மீட்புப் பணம் கொடுத்து அச்சுப்பொறியை மீட்டுக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தால், வழியில் நன்னம்பிக்கை முனைக்கு அருகில் பிங்க் இறந்துவிட்டார். 1712-இல் பொறி மட்டும் வந்து சேர்ந்தது. இயக்கத் தெரிந்த ஆள் இல்லை. கம்பெனிப் படைவீரர்களில் அச்சுத் தொழில் அறிந்த ஜெர்மானியர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து வேலையைத் தொடங்கினார்கள்.

தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வெட்டப்பட்டன. தமிழ் அறியாத கைகள், தரங்கம்பாடியிலிருந்து எழுதி அனுப்பிய வடிவங்களைப் பார்த்து வெட்டியவை என்பதை நினைத்தால் அவை படிக்கும்படி அமைந்ததே பெரிது. 1713-இல் அந்த எழுத்துகளோடு ஆட்லர் என்ற அச்சரும் வந்து சேர்ந்தார். ஆனால் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிருப்புத் தாள் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே ஆட்லர் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வைத்து அனுப்பிய ஈய உறைகளை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்ததாக ஒரு செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1715-இல் பொறையாற்றில் தாள் செய்யும் ஆலை ஒன்றையும் அமைத்தார்கள்.

நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய பகுதி 1714-இல் 'அஞ்சு வேத பொஸ்தகம்' என்ற பெயரோடு வெளிவந்தது. எஞ்சிய பகுதி 1715-இல் நிறைவுற்றது. 'ஐந்து' என்னாமல் 'அஞ்சு' என்றும், 'புத்தகம்' என்னாமல் 'பொஸ்தகம்' என்றும் அச்சிட்டதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. தரங்கம்பாடித் தெருவில் காதில் விழுந்த தமிழ் அது. எந்த மக்களுக்காக அச்சிட்டாரோ அவர்கள் வாயில் வழங்கிய தமிழ்.

இந்த அச்சகத்தைப் பற்றி இன்னொரு செய்தி. வீரமாமுனிவர் லுத்தரன் போதனையைக் கடுமையாக மறுத்து 'வேத விளக்கம்' எழுதியவர். அவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டு வெளியிட்டது இதே தரங்கம்பாடி அச்சகம்தான். சீகன்பால்க் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின் நடந்தது அது. எதிராளியின் நூலாயினும் தமிழ் கற்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று கண்டு அச்சேற்றியவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: அவர் இந்து சமயத்தை இழித்துப் பேசியவர் என்கிறார் என் நண்பர், மதித்துப் போற்றியவர் என்கிறது நான் படித்த கட்டுரை. எது உண்மை? (சென்னை வாசகர்)

இரண்டுக்கும் சான்று இருக்கிறது; இரண்டையும் மறைக்காமல் சொல்வதே அவருக்கும் நமக்கும் மரியாதை. 1713-இல் தரங்கம்பாடியில் அச்சான தொடக்க காலத் தமிழ்ச் சிறு நூல்களில் ஒன்றின் பொருளே 'அக்கியானம்', அதாவது அறியாமை. உருவ வழிபாட்டை அருவருக்கத்தக்கது என்று அதில் கண்டிக்கிறார். சமயம் மாற்றவே வந்தவர் அவர். தம் நோக்கத்தை யாரிடமும் ஒளித்ததில்லை.

அதே மனிதர் அதே 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறையைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெருநூலை எழுதி முடித்தார். சிவன், திருமால் முதல் ஐயனார், மாரியம்மன், எல்லையம்மன் முதலிய ஊர்த் தெய்வங்கள் வரை, கோயில், திருவிழா, விரதம், பூசை அனைத்தையும் மக்கள் சொன்னபடியும் நூல்களில் கண்டபடியும் எழுதியிருக்கிறார். ஊர்த் தெய்வங்களைப் பற்றி அத்தனை பழைய விவரம் ஐரோப்பிய மொழி எதிலும் கிடைப்பது அரிது. ஹாலேயில் இருந்தோர் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பியவர் புறச்சமயக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே அவர்களுடைய எண்ணம். அந்தக் கையெழுத்துப்படி 150 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது.

ஐரோப்பாவில் பலர் இந்த மக்களைக் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர்கள் என்று நினைப்பதாகவும், தாமும் வரும்போது அப்படியே எண்ணியிருந்ததாகவும், மொழியைக் கற்று நூல்களைப் படித்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். தம் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்த இடத்தில்தான் அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

இன்னும் ஒன்று செய்தார். அவரும் அவருடைய உடன் பணியாளர் குருண்ட்லரும் கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கு அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்கள். 1712 முதல் 1714 வரை கிடைத்த அத்தகைய கடிதங்கள் 99 ஹாலேயில் அச்சாயின. சமயம், திருமணம், மருத்துவம், கல்வி என்று அவற்றில் பேசாத பொருள் இல்லை. 'உங்கள் கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடித்து வெறிக்கிறார்கள், உடல் சுத்தம் பேணுவதில்லை. அவர்கள் வாழ்க்கையைப் பார்த்து நாங்கள் எதைக் கற்றுக்கொள்வது?' என்ற கருத்தில் தமிழர்கள் நேருக்கு நேர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை மழுப்பாமல் பெயர்த்துத் தம் நாட்டவர் படிக்க அனுப்பினார்கள். கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மிஷனரிகளுக்கு உதவிய காரணத்தால் ஊரைவிட்டு விலக்கப்பட்டு, அதன் பிறகும் தம் சமயத்தை விடாமல், தம் மாணவரின் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை எழுதிய மனிதர் அவர்.

கேள்வி: சாதி வேறுபாட்டை அவர் எதிர்த்தாரா? அவருடைய சபையில் யார் சேர்ந்தார்கள்? (விழுப்புரம் வாசகர்)

முதலில் சேர்ந்தவர்கள் அடிமைகள். 1707 மே 5-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் புதிய எருசலேம் என்ற பெயரில் சிறு ஆலயம் ஒன்று எழுந்தது. செப்டம்பரில் தமிழர் ஒன்பது பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து பள்ளி நடத்தினார். பெண்பிள்ளைகளுக்கும் 1707-லேயே பள்ளி தொடங்கினார். பெண்ணுக்குக் கல்வி என்ற பேச்சே அரிதாக இருந்த நாளில் அது சிறிய செயல் அன்று.

சாதி விஷயத்தில் அவ்வாறு புகழ என்னால் முடியவில்லை. சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கம் தரங்கம்பாடிச் சபையில் நுழைந்து நெடுங்காலம் நீடித்தது. மக்களின் வழக்கத்தைச் சட்டென்று முறித்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அன்றைய மிஷனரிகளின் வாதம். அந்த விட்டுக்கொடுத்தலின் சுமையை அடுத்து வந்த தலைமுறைகள் ஆலயத்துக்குள் சுமந்தன. தமிழருக்குத் தமிழரே போதகராக வேண்டும் என்பதில் மட்டும் அவர் தெளிவாக இருந்தார். அதற்காக 1716-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆரோன் என்ற கடலூர்க்காரர் 1733-இல் முதல் தமிழ் லுத்தரன் போதகராகப் பட்டம் பெற்றபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

கேள்வி: இவ்வளவு செய்தவர் 36 வயதில் இறந்தது எதனால்? மனமுடைந்து இறந்தார் என்பது உண்மையா? (கோயம்புத்தூர் வாசகி)

உடல் நலிவு இளமையிலிருந்தே அவரை விடவில்லை. அதன் மேல் மனவேதனையும் சேர்ந்தது. ஐரோப்பா சென்றபோது டென்மார்க் அரசரையும் இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் அரசரையும் சந்தித்து, மரியா டோரோதியா சால்ஸ்மன் என்ற பெண்ணை மணந்து, 1716-இல் நல்ல நம்பிக்கையோடு திரும்பி வந்தார். ஆனால் கோபன்ஹேகனில் மிஷன் அலுவல்களைக் கவனித்த செயலாளர் வெண்ட்டின் எண்ணம் வேறாக இருந்தது. மிஷனரி என்பவர் பண்டைய அப்போஸ்தலர்களைப் போல ஊர் ஊராக நடந்து போதிக்க வேண்டும், ஆலயம் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் பணத்தை வீணாக்குவதாகும் என்று அவர் கடிந்து எழுதினார். வெயிலிலும் நோயிலும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு, அந்த மண்ணை மிதித்தறியாத ஒருவர் எழுதிய கடிதம் அது. அதைப் படித்த வேதனை அவருடைய முடிவை விரைவுபடுத்தியது என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் கூறுகிறார்கள். 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் இறந்தார். அடுத்த ஆண்டே குருண்ட்லரும் மறைந்தார்.

கேள்வி: அவர் பெயர்த்த வேதாகமத்தை இன்று யாராவது படிக்கிறார்களா? தரங்கம்பாடிக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? (சேலம் வாசகர்)

வழிபாட்டில் யாரும் படிப்பதில்லை. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத்தின் புத்தகம் வரையில்தான் பெயர்த்திருந்தார். அவருக்குப் பின் வந்த சூல்ட்சே எஞ்சியதை முடித்து 1728-இல் அச்சிட்டார். பிறகு பப்ரிசியஸ், இரேனியுஸ் ஆகியோர் புதிதாகப் பெயர்த்தார்கள். 1871-இல் பவர் என்ற மிஷனரியின் குழுவினர் வெளியிட்ட திருத்தமே இன்று புராட்டஸ்டண்டு வீடுகளில் வழங்கும் வேதாகமம். கடவுளைக் குறிக்க எந்தச் சொல்லை ஆள்வது என்ற ஒன்றிலேயே இந்த வரலாறு முழுவதையும் காணலாம்: கத்தோலிக்கர் வழங்கிய 'சருவேசுரன்' என்ற சொல்லைச் சீகன்பால்க் ஏற்றுக்கொண்டார்; பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார்; பின்னவர்கள் 'தேவன்' என்றார்கள்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல் இராஜ வீதியில் நடந்து புதிய எருசலேம் ஆலயத்துக்குள் செல்லுங்கள். 1707-இல் கட்டிய சிறிய ஆலயம் அன்று இது. 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட பெரிய ஆலயம். முகப்பில் நான்காம் பிரடெரிக் அரசரின் முத்திரையெழுத்தும் ஆண்டும் தெரியும். தாம் எழுப்பிய அந்த ஆலயத்தில் நான்கே மாதங்கள் வழிபாடு நடத்தியவரை அதற்குள்ளேயே, பலிபீடத்தின் அருகே அடக்கம் செய்திருக்கிறார்கள்; குருண்ட்லரின் கல்லறையும் அங்கேயே உள்ளது. எதிரில் இருப்பது 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயம். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது, அதையும் விடாதீர்கள். அழகப்பனுக்கோ, பள்ளியோடு வீடு தேடி வந்த அந்த முதிய வாத்தியாருக்கோ ஊரில் ஒரு கல்லையும் நான் கண்டதில்லை. ஐரோப்பாவுக்குச் செல்லும் வாய்ப்பு உள்ளவர்கள் ஹாலேயில் பிராங்கே நிறுவிய இல்லங்களுக்குச் செல்லலாம். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளை அங்கே இன்றும் பேணி வைத்திருக்கிறார்கள்.